ஒரே கட்டையில் ஆறு ரிப்பன்

கடலை ஆராய வந்த டாக்டர் மாலதி பாட்டிலை மூன்றாவது தடவையாக அலசிக்கொண்டிருந்தார். கடல் தண்ணீர் எடுக்கும் பாட்டிலை அந்த இடத்துத் தண்ணீரிலேயே மூன்று தடவை அலசிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் சட்டம். நான் படகின் பின்பக்கம் உட்கார்ந்து, ஓதம் இறங்கி நீர் வற்றுவதற்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பத்தாவது தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே, ஒரு சின்னத் தீவின் முதுகுப் பக்கம் அந்த ஓடை இருக்கிறது. இரண்டு கரையிலும் பாக்காவ் மரங்கள். கண்டல் என்று புத்தகத்தில் எழுதுவார்கள், எங்களுக்கு அது பாக்காவ்தான். வேர்களுக்கு இடையில் சேறு பொட்டுப் பொட்டென்று வெடித்துக்கொண்டிருந்தது. சேற்று வாடையும் டீசல் வாடையும் ஐஸ் பெட்டியின் ஈர வாடையும் ஒன்றாக வந்தன.

ஓடை முகத்தில் ஒரு மரக்கட்டை நிற்கிறது. என்றைக்கோ மீன் வளைக்க நட்ட கட்டைகளில் மிஞ்சியது அது ஒன்றுதான். பாட்டிலை மூடிவிட்டு டாக்டர் தன் பையிலிருந்து ஊதா நிற பிளாஸ்டிக் ரிப்பனை எடுத்தார். தண்ணீர் எடுத்த இடத்துக்கு அடையாளமாக ஒன்றைக் கட்டிவிட்டுப் போவது வழக்கம். படகை நெருக்கிப் பிடித்தேன். எட்டிக் கட்டப் போனவரின் கை பாதியில் நின்றது.

கட்டையில் ஏற்கெனவே ரிப்பன்கள் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, வெயிலில் வெளுத்து, சிப்பி ஒட்டி, ஆறு.

“அண்ணே, இதெல்லாம் யாரு கட்டுனது?”

நான் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

“தெரியல டாக்டர். மீன் புடிக்கிறவங்க எதுக்காச்சும் கட்டியிருப்பாங்க.”

பொய். அந்த ஆறையும் கட்டியபோது, அன்றைக்குப் போலவே படகை நெருக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். டாக்டர் ஆறையும் விரலால் தொட்டு எண்ணினார். பிறகு தன்னுடையதையும் மேலே கட்டினார். ஏழு.

பயந்தவன் பிழைப்பு

போன வாரம் இந்தப் பகுதியில், நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சுங்கை பூலோவிலிருந்து ஒரு வாசகி, ‘இவ்வளவு பயம் உள்ளவர் எதற்குப் படகு ஓட்டப் போனார்?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி.

படகைவிடப் பள்ளிக்கூடம் அதிகம் பயமாக இருந்தது. அதுதான் பதில். மூன்றாம் படிவச் சோதனை அன்று மண்டபத்தில் வரிசை வரிசையாக மேசை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாள், முகம் குப்புற. ‘திருப்புங்கள்’ என்று சொன்னதும் எனக்கு வயிறு வலித்தது. கழிவறைக்குப் போக அனுமதி கேட்டேன். போனவன் திரும்பி வரவில்லை. சீருடையோடு துறைமுகப் படகுத்துறை வரை நடந்தேன். அங்கே கெத்தாம் தீவுக்குக் காய்கறியும் கேஸ் சிலிண்டர்த் தோம்பும் ஏற்றிப் போகும் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி ஒருவர், கயிறு கட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். கட்டிய கயிற்றை நான் மூன்று தடவை போய் இழுத்துப் பார்த்ததைக் கண்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்.

பிறகு சொந்தமாக ஒரு படகும் உரிமமும் வந்தன. பயம் போகவில்லை. டீசல் போதுமா, மிதவைச் சட்டை ஆளுக்கு ஒன்று இருக்கிறதா, வீட்டில் கேஸை மூடினோமா. என் மனைவி சரசு ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னாள்: “பயப்பட ஒன்னும் இல்லன்னா, ஒன்னும் இல்லையேன்னு அதுக்கும் பயப்படுவீங்க நீங்க.”

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடலை ஆராய வருகிறவர்களுக்கு என்னைப் போன்ற ஆள்தான் தேவை. கடலிலோ கரையிலோ புதிதாக எதையாவது கட்ட வேண்டுமென்றால், அதனால் தண்ணீருக்கும் சேற்றுக்கும் மீனுக்கும் என்ன ஆகும் என்று அறிக்கை கொடுத்தால்தான் அரசாங்கம் அனுமதி தரும். அந்த அறிக்கைக்காக வருகிறவர்கள் பாட்டிலும் தட்டுமாக வருவார்கள். என் படகில் ஒரு பாட்டில் உடைந்ததில்லை. ஒரு பெட்டியில் ஐஸ் கரைந்ததில்லை. “மணியம் அண்ணன் படகுன்னா கண்ண மூடிக்கிட்டு போலாம்” என்று ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள்.

தட்டு மறையும் ஆழம்

அவர்கள் கொண்டுவரும் சாமான்களில் எனக்குப் பிடித்தது அந்தத் தட்டு. சாப்பாட்டுத் தட்டு அளவு, பாதி கறுப்பு பாதி வெள்ளை. கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுவரைதான் தண்ணீர் தெளிவு. கயிற்றில் முடிச்சுப் போட்டிருக்கும். எத்தனையாவது முடிச்சு என்று நான்தான் குரல் கொடுப்பேன். படிப்பில்லாதவன் சொல்லும் எண்ணைப் படித்தவர்கள் தாளில் எழுதுவார்கள். அதில் எனக்கு ஒரு நிமிர்வு உண்டு.

வேலை நடக்கப்போகும் இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க, எந்த வேலையும் நடக்காத இன்னொரு இடமும் வேண்டும். அதனால் வருகிற எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். “அண்ணே, யாரும் கை வைக்காத சுத்தமான இடமா ஒன்னு காட்டுங்க.”

முதல் தடவை கேட்டபோது நான் அந்த ஓடையைக் காட்டினேன். அது உண்மையாகவே சுத்தமான இடம். என் மூத்த மகள் பால்குடி மறக்காத காலம். தட்டு ஆறாவது முடிச்சு வரை தெரிந்தது. எதிர்க்கரையில் ஒரு கம்பம், மலாய்க் கிராமம். அங்கிருந்து காக் யாம் என்ற பெண் பலகைமேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் சேற்றை உந்தி வழுக்கிக்கொண்டு வந்து கெராங் சிப்பி பொறுக்குவார். பலகை நிறைய சிப்பி, கல்லைக் கொட்டியதுபோலச் சத்தம். அன்றைக்கு வந்தவர்கள் கப்பல் பாதையை ஆழப்படுத்தும் வேலைக்காக வந்தவர்கள். சிவப்பு ரிப்பன் கட்டினார்கள்.

அடுத்து வந்த கம்பெனிக்கு ஒரு புதுப் படகுத்துறை. சுத்தமான இடம் கேட்டார்கள். வேறு ஓர் இடம் காட்டலாம் என்று தெற்கே கொண்டுபோனேன். நீர் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ஆறு மணி நேரம். இரண்டு அதிகாரிகள், ஒரு ரொட்டிப் பொட்டலம், முதலை வருமோ என்று நான். அன்றோடு முடிவு செய்தேன், ஓடைதான் நல்லது என்று. வற்றினாலும் அங்கே ஆழம் இருக்கும், நிழல் இருக்கும், போன் கிடைக்கும். மஞ்சள் ரிப்பன்.

பிறகு இறால் குளம் வெட்ட வந்தவர்கள், பாலம் கட்ட வந்தவர்கள், கல்லணை போட வந்தவர்கள், எண்ணெய்த் தொட்டி வைக்க வந்தவர்கள். எல்லாரையும் அதே ஓடைக்குத்தான் கொண்டுபோனேன். இதற்குள் கப்பல் பாதையில் தோண்டிய சேறு அந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தது. இறால் குளத்துத் தண்ணீர் அதே ஓடையின் மேல்முனையில் இறங்கியது. பாலத்துக்காக அரை மைல் பாக்காவ் போயிற்று. ஒவ்வொரு அறிக்கையிலும் ‘சிறிய பாதிப்பு’ என்று எழுதியிருப்பார்கள். பொய்யும் இல்லை. ஒவ்வொன்றும் சிறியதுதான்.

தட்டு நான்காவது முடிச்சில் மறைந்தது. பிறகு மூன்றாவதில். நான் சரியாகத்தான் குரல் கொடுத்தேன். போன தடவை எத்தனை என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

காக் யாம் கேட்டது

டாக்டர் மாலதி ஏழாவதாக வந்தவர். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், என் தங்கை வயது. ஒரு கம்பெனிக்காகக் கடலை மண்போட்டு நிரப்பி, சரக்குக் கிடங்கு கட்டும் திட்டம். நிரப்பப்போகும் இடம், காக் யாம் கம்பத்துக்கு நேர் முன்னால் இருக்கும் சேற்றுத் திட்டு. அந்தப் பக்கத்தில் இன்னும் கெராங் கிடைப்பது அங்கே ஒன்றில்தான்.

மூன்று மாதம் தண்ணீர் எடுத்தோம். கடைசி நாள் திரும்பி வரும்போது டாக்டர் தாள்களைப் புரட்டியபடி சொன்னார்: “திட்டு இருக்கிற இடமும் உங்க சுத்தமான இடமும் ஏறக்குறைய ஒன்னாத்தான் இருக்கு அண்ணே. இந்தக் கரையே இயற்கையா கலங்கல்தான் போல. அப்ப நிரப்புனாலும் பெருசா கெட்டுப்போக ஒன்னும் இல்ல.”

இரண்டும் ஒன்றாக இருந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். இரண்டுமே கெட்டுப்போயிருந்தன. கெட்ட ஒன்றைக் கெட்ட இன்னொன்றை வைத்து அளந்தால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? இந்தக் கணக்கு எனக்குப் புரிய இருபது வருடம் ஆகியிருக்கிறது.

அந்த வாரமே பாசாரில் காக் யாமைப் பார்த்தேன். முன்பு மூட்டையாகக் கொண்டுவந்தவர், ஒரு பிளாஸ்டிக் வாளியில் கெராங் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிடங்குக்கு அனுமதி கொடுப்பது பற்றிய அரசாங்கக் கூட்டம் எப்போது என்று கேட்டார். சொன்னேன். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: “எல்லாரும் கொஞ்சம், கொஞ்சம்னுதான் சொல்லிட்டுப் போறாங்க மணியம். அந்தக் கொஞ்சத்தை எல்லாம் யாராச்சும் ஒருத்தர் கூட்டிப் பார்த்தாங்களா?”

வாளியிலிருந்து ஒரு கை அள்ளிப் பையில் போட்டு என்னிடம் நீட்டினார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரசுவிடம் கொடுத்தேன். அவித்துக் கொடுத்தாள். ஒன்றைக்கூட எடுக்காமல் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

மஞ்சள் பாதை

கோலாலம்பூருக்குள் கார் ஓட்ட எனக்குப் பயம். டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட ரயிலில் போனேன். பிரிக்ஃபீல்ட்ஸில் கண் தெரியாதவர்களுக்காக நடைபாதையில் மஞ்சள் மேட்டுக் கல் பதித்திருப்பார்கள். கடைசிவரை அதன்மேல் காலை வைத்தே நடந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தபோதெல்லாம் காலடியில் அந்த மேடு தட்டுப்பட்டது.

போகிற வழியெல்லாம் என்னென்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன். ஆறு கம்பெனியும் என்மேல் வழக்குப் போடும். உரிமத்தைப் பிடுங்குவார்கள். இனி ஒருவரும் என் படகில் ஏறமாட்டார்கள். பத்திரிகையில் படம் வரும். அந்தப் படத்தில் நான் எந்தச் சட்டை போட்டிருப்பேன் என்பதுவரை யோசித்தாயிற்று.

டாக்டரின் அலுவலகம் ஒரு பூக்கடைக்கு மாடியில். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் கையிலிருந்த வடையைக் காகிதத்தில் திரும்ப வைத்தார்.

“மூணு மாச வேலை அண்ணே.”

“தெரியும் டாக்டர்.”

“அன்னைக்கே கேட்டேனே.”

“பயந்துட்டேன்.”

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வடையை மேசை ஓரமாகத் தள்ளினார். பிறகு ஒரு பெரிய தாளை மேசைமேல் விரித்து, நிறப் பேனாக்களைக் கொட்டினார். “உக்காருங்க. வரைங்க.”

வரைந்தேன். கரையை, தீவை, ஓடையை. எந்த ரிப்பன் யாருடையது, அவர்கள் என்ன கட்டினார்கள், எங்கே எவ்வளவு மரம் போயிற்று, தட்டு எந்த முடிச்சில் மறைந்தது. வருடம் எனக்கு நினைவில் நிற்காது. மகள் பள்ளிக்குப் போன வருடம், சரசுவுக்கு ஆப்பரேஷன் நடந்த வருடம், கூரை மாற்றிய வருடம் என்று சொன்னேன். அவர் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். ஆறு நிறமும் ஒரே தாளில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. நானே அதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

“இதுக்குப் பேரு ஒட்டுமொத்தப் பாதிப்பு” என்றார் டாக்டர். “நாங்க வகுப்பெடுக்கிற விசயம். இங்க யாரும் செஞ்சு பாக்கல, நானும் பாக்கல.” பேனாவை மூடினார். “இத நீங்கதான் வந்து சொல்லணும் அண்ணே. நான் சொன்னா, காதுல விழுந்த கதைன்னு ஒதுக்கிடுவாங்க.”

தாள் குப்புறக் கிடந்தது

ஷா ஆலமில் ஓர் அரசாங்கக் கட்டடத்தில் கூட்டம். கதவைத் திறந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். வரிசை வரிசையாக மேசை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாள், முகம் குப்புற. ஏர்கண்டிஷன் குளிரில் வயிறு வலிக்க ஆரம்பித்தது. கழிவறை எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டேன். சரசு என் சட்டையின் முதுகுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளை அதற்காகத்தான் கூட்டிப்போயிருந்தேன். பின்வரிசையில் காக் யாம் கம்பத்துப் பெண்கள் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் எழுந்து, தன் அறிக்கையில் ஒரு தவறு இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார். அவருக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனி ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அதற்கு என்ன தைரியம் வேண்டும் என்பது ஒரு பயந்தாங்கொள்ளிக்குத்தான் தெரியும். பிறகு அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, என்னைக் கூப்பிட்டார்.

மலாயில் பேசினேன். எனக்குத் தெரிந்தது துறைமுகத்து மலாய்தான். முதல் ரிப்பனிலிருந்து ஆரம்பித்தேன். சுத்தமான இடம் கேட்டவர்களுக்கெல்லாம், சேற்றில் மாட்டிக்கொள்ளப் பயந்து ஒரே இடத்தைக் காட்டியது என் தவறு என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

கம்பெனிப் பக்கத்திலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார், படகோட்டி எதுவரை படித்திருக்கிறார் என்று. இரண்டு பேர் சிரித்தார்கள். பின்னால் வந்து நின்ற சரசுவின் பிடியில் என் முதுகுச் சட்டை இறுகியது.

“மூணாம் படிவம், சார். சோதனை எழுதல, ஓடிப்போயிட்டேன்” என்றேன். “ஆனா இங்க இருக்கிறவங்கள்ல ஆறு கம்பெனியோடயும் கடலுக்குப் போனவன் நான் ஒருத்தன்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. தலைமையில் இருந்த அம்மா தன் முன்னால் இருந்த தாளைத் திருப்பி, அதில் ஏதோ எழுதினார். அந்த ஆறு அறிக்கைகளும் எங்கே இருக்கின்றன என்று கேட்டார். உதவியாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்று அலமாரியில் மூன்று, இன்னொரு கட்டடத்தில் இரண்டு, ஒன்றைத் தேட வேண்டும் என்று பதில் வந்தது. ஒன்றாக மேசைமேல் வரட்டும், அதுவரை இது நிற்கட்டும் என்றார் அவர்.

வெளியே வந்ததும் நேராகக் கழிவறைக்குப் போனேன். இந்தத் தடவை திரும்பி வந்தேன்.

ஏழாவதை அறுத்தது

அறிக்கைகள் ஒன்றாகச் சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. ஆறிலும் ‘சுத்தமான இடம்’ என்பதற்கு நேரே எழுதியிருந்தது அதே ஓடைதான். டாக்டரும் நானும் புதிதாக ஒரு சுத்தமான இடம் தேடி மூன்று நாள் அலைந்தோம். தெற்கே போனோம், வடக்கே போனோம். எனக்குப் பழக்கமான கரை முழுவதிலும் யாரும் கை வைக்காத இடம் ஒன்றும் அகப்படவில்லை. அவர் அதையே அறிக்கையில் எழுதினார். ஓடைக்குத் திரும்பி வந்து, தன் ஊதா ரிப்பனைக் கத்தியால் அறுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மற்ற ஆறையும் தொடவில்லை.

கிடங்கு வராமல் போகவில்லை. உள்ளே தள்ளி, சிறியதாக, பழைய தரைமேல் வருகிறது. சேற்றுத் திட்டு தப்பித்தது. இனி அந்தக் கரையில் யார் எதைக் கட்ட வந்தாலும், அதுவரை அங்கே நடந்த எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. அந்தத் தாளின் அடியில் பொடி எழுத்தில் ‘தகவல்: படகோட்டி மணியம், கிள்ளான்’ என்று இருக்கிறது. சரசு அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறாள். எழுத்து அழிந்துவிடுமோ என்று நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

என் படகில் இனி யாரும் ஏறமாட்டார்கள் என்று பயந்தேனே. போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. மணியம் படகு கிடைக்காவிட்டால் தேதியை மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள்.

வந்தவர் அம்பாங்கிலிருந்து வந்த ஓர் இன்ஜினியர். ஓடை முகத்தில் படகை நெருக்கிப் பிடித்தேன். எதிர்த்திட்டில் காக் யாம் பலகையை உந்திக்கொண்டு போனார். பலகையில் பாதிதான் கெராங், ஆனால் சத்தம் இங்கே வரை கேட்டது. இன்ஜினியர் பச்சை ரிப்பனைப் பையிலிருந்து உருவினார்.

“கொஞ்சம் இருங்க பாஸ்” என்றேன். “மொதல்ல கட்டையில இருக்கிற ஆறையும் எழுதிக்குங்க. அப்புறம் உங்களோடத கட்டலாம்.”

அவர் பேனாவைத் திறந்தார். நான் ஒவ்வொரு நிறமாகச் சொன்னேன். யார், எதற்கு, எத்தனையாவது முடிச்சு. ஆறாவதைச் சொல்லி முடித்தபோதுதான் கவனித்தேன், வயிறு வலிக்கவில்லை.

ஏன் வலிக்கவில்லை என்று உடனே ஒரு பயம் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சரசுவிடம் சொன்னேன். சிரித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.